தயிர் போகக் கூடாத இடம்

எங்கள் வீட்டில் தயிர் போகக் கூடாத இடத்துக்குப் போய்விட்டது. எப்படிப் போனது, யார் அனுப்பினார்கள், அதனால் ஒரு பஸ்ஸும் ஒரு ஆஸ்பத்திரியும் ஒரு டாக்டரம்மாவும் என்ன பாடு பட்டார்கள் என்பதைச் சொல்கிறேன். கேட்டு முடித்த பிறகு ஒரு வாரத்துக்கு நீங்கள் தயிர்ப் பாத்திரத்தைத் திறக்க மாட்டீர்கள். நான் அன்று மத்தியானமே திறந்து சாப்பிட்டேன். எனக்கு வெட்கம் என்ற சாமான் கிடையாது.

ரிட்டயர் ஆகும்வரை நான் பஸ் கண்டக்டர். பின் படிக்கட்டில் நின்றபடி முன் படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே வரவழைத்த தொண்டை இது. டிப்போவில் கொடுத்த விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், தேவைப்படவில்லை. நான் "போலாம்" என்றால் எங்கள் பஸ் மட்டுமல்ல, எதிரே நிற்கிற பஸ்ஸும் சேர்ந்து கிளம்பிவிடும். அந்தத் தொண்டையோடு இப்போது மூன்றாவது மாடியில், தங்கை மகள் வீட்டில் இருக்கிறேன். நான் ரகசியம் சொன்னால் முதல் மாடியில் பதில் சொல்வார்கள். அதனால் தங்கை மகள் காலையிலிருந்து இரவு வரை என்னிடம் சொல்கிற ஒரே வாக்கியம், "மெதுவா பேசுங்க பெரியம்மா."

அவளுக்குப் பெயர் குட்டி என்று வைத்தவள் நான்தான். பிறகு அவள் வளர்ந்து வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளும் உயரம் வந்துவிட்டாள், பெயர் மட்டும் வளரவில்லை. ஊருக்கே தயிர் அனுப்பும் தொழிற்சாலையில் அவள் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டுக்காரர் அதே தொழிற்சாலையில் உறை அறைக்குப் பொறுப்பாளர். ஒரு குளம் நிறையப் பாலில் எவ்வளவு உறை ஊற்ற வேண்டும், எந்தச் சூட்டில் ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். நான் அவரை உறை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். அவர் தோய்த்து அனுப்பிய தயிரின் புளிப்பை இவள் அளந்து சொல்ல, அப்படியே தோய்ந்த கல்யாணம் அது. இரண்டு பேர் பையிலும் புளிப்பு பார்க்கிற தாள் எப்போதும் இருக்கும். எலுமிச்சம்பழத்தில் வைப்பார்கள், மழைத் தண்ணீரில் வைப்பார்கள். ஒரு நாள் என் காபியில் வைத்துவிட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

இவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்தது. ஆறாம் மாதத்திலேயே வந்துவிட்டது. அழவில்லை. அரை நாள் இருந்தது, போய்விட்டது.

அதற்குப் பிறகு குட்டி மறுபடி உண்டானாள். இந்த முறை அவள் நடந்தால் தரைக்கு வலிக்குமோ என்பது மாதிரி நடந்தாள். உறை மாப்பிள்ளை அவள் கையிலிருந்து டம்ளரைக்கூட வாங்கிக்கொண்டார். எனக்குப் பேசவே தடை போட்டார்கள், அதிர்ச்சியில் வயிறு குலுங்கிவிடுமாம். ஆறாம் மாதம் ஒழுங்காகத் தாண்டியது. நாங்கள் மூச்சு விட்டோம். நான் விட்ட மூச்சில் ஜன்னல் கதவு சாத்திக்கொண்டது.

பிறகுதான் குட்டி குளிக்க ஆரம்பித்தாள். காலையில் குளிப்பாள், வேலையிலிருந்து வந்து குளிப்பாள், சாப்பிட்டுவிட்டுக் குளிப்பாள். மொட்டை மாடித் தொட்டி வற்றிப்போய்க் கட்டடமே கையில் வாளியோடு எங்கள் கதவைத் தட்டியது. குளியலறைக்குள் போய்ப் பார்த்தேன். மேல் தட்டில் பூப்படம் போட்ட ஒரு பாட்டில். 'அந்தரங்கச் சுத்தம், நாள் முழுதும் நறுமணம்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சுகிற ரப்பர் குமிழ் ஒன்று.

"என்னடி இது?" என்றேன்.

"மெதுவா பேசுங்க பெரியம்மா!"

"கீழே வீட்டுக்கும் சேர்த்துத்தான் கேக்குறேன். என்ன இது?"

அவள் கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், குழாயைத் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள். "ஒரு மாதிரி வாடை வருது பெரியம்மா. மீன் வாடை. தண்ணியா, சாம்பல் கலர்ல வெள்ளைப்படுது. லேப்ல நாங்க பாலை மோந்து பாத்தே நல்லதா கெட்டதான்னு சொல்றவங்க. எனக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிறவளுக்கு மூக்கு அப்படி. அவ மோந்துட்டா நான் எங்க போய் மூஞ்சிய வெச்சுக்குவேன்? அதான் உள்ளே வரைக்கும் கழுவுறேன்."

"கழுவினா போச்சா?"

"கழுவக் கழுவ அதிகமாகுது."

மறுநாளே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளையும் வந்தார். டாக்டரம்மா பஞ்சுக் குச்சியால் எடுத்துப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"பயப்பட வேண்டாம், நிறையப் பேருக்கு வர்றதுதான். வெஜைனால எப்பவும் நல்ல பாக்டீரியா இருக்கும். லாக்டோபேசிலஸ். அதுதான் அந்த இடத்தைப் புளிப்பா வெச்சுக்கும். உங்களுக்கு அது குறைஞ்சு போச்சு, மத்த கிருமிங்க கூடிப்போச்சு. வாசனைத் தண்ணி ஊத்தி உள்ளே கழுவுறீங்க பாருங்க, அது இருக்கிற நல்லதையும் அடிச்சுக்கிட்டுப் போகும். அதை இன்னிக்கே நிறுத்துங்க. கர்ப்பத்துல இது இருந்தா குழந்தை சீக்கிரமா வந்துடற ஆபத்து கூடுது. உங்களுக்கு ஏற்கனவே ஒண்ணு சீக்கிரமா வந்திருக்கு. அதனால விளையாட்டா இருக்கக் கூடாது. மாத்திரை எழுதறேன். ஆன்டிபயாடிக்."

நான் நோயைக் கவனித்தேன். இவர்கள் இரண்டு பேரும் வேறு எதையோ கவனித்திருக்கிறார்கள். லாக்டோபேசிலஸ் என்று டாக்டரம்மா சொன்னபோது, வெளியூர் பஸ் ஸ்டாண்டில் சொந்த மாமாவைப் பார்த்தது மாதிரி மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. ஆன்டிபயாடிக் என்றதும் இரண்டு முகமும் இருண்டுபோனது. ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. அவர்கள் தொழிற்சாலையில் ஆன்டிபயாடிக் என்பது எமன். மாட்டுக்கு ஊசி போட்ட பால் ஒரு சொட்டு கலந்தால் போதும், உறை செத்துப்போகும், பால் தோயாது. அப்படி வந்த டேங்கரை வாசலோடு திருப்பி அனுப்புவதுதான் குட்டியின் வேலை. எத்தனையோ டிரைவர்கள் அவள் காலில் விழுந்திருக்கிறார்கள், இவள் மசிந்ததில்லை. டேங்கரையே திருப்பி அனுப்புகிறவள் மாத்திரையை விழுங்குவாளா?

விழுங்கவில்லை.

எனக்கு அது தெரிய வந்தது ஃபிரிட்ஜைத் திறந்தபோது. முட்டைத் தட்டுக்குக் கீழே, உறை அறையிலிருந்து வந்த ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. பக்கத்தில், ஊசி இல்லாத மருந்துக் குழல் ஒன்று. குழல் நுனியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். தயிர். அருமையான தயிர். அப்படியே கையில் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன்.

"மாப்ள, இந்த வீட்ல யாருக்குத் தயிரை ஊசி போடுறீங்க?"

மாப்பிள்ளை குட்டியைப் பார்த்தார். குட்டி சுவரைப் பார்த்தாள். எனக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. கண்டக்டர் வாழ்க்கையில் பஸ்ஸுக்குள் ஆடு வந்திருக்கிறது, பாம்பு வந்திருக்கிறது, மாப்பிள்ளை இல்லாமல் ஒரு கல்யாண ஊர்வலமே ஏறியிருக்கிறது. ஒரு தடவைகூட நான் வாயடைத்து நின்றதில்லை. இப்போது நின்றேன். கீழ்வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்தாள், சத்தம் கேட்கவில்லையே என்று.

அவளை அனுப்பிவிட்டு, "அங்கேயா?" என்றேன்.

"அத்தை, நீங்க புரியாம பேசக் கூடாது" என்றார் மாப்பிள்ளை. "டாக்டரே சொன்னாங்கல்ல, லாக்டோபேசிலஸ் குறைஞ்சுபோச்சுன்னு? எங்கிட்ட அது டன் கணக்கா இருக்கு. பால் தோயலைன்னா என்ன செய்வோம்? இன்னும் கொஞ்சம் உறை ஊத்துவோம். அவ்வளவுதான்."

"என் தங்கச்சி மக பால் கேனாய்யா?"

"மெதுவா பேசுங்க பெரியம்மா!"

"மாத்திரை எங்கடி?"

குட்டி மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்து காட்டினாள். அட்டை கசங்கக்கூட இல்லை. "இதைப் போட்டா மிச்சம் இருக்கிற நல்லதும் செத்துடும் பெரியம்மா. நான் தினம் கண்ணால பாக்கிறேன். போன தடவை பாப்பா போனது போதாதா? இந்தத் தடவை நான் எதையும் சாகடிக்க மாட்டேன்."

அவள் பையிலிருந்து புளிப்புத் தாளை எடுத்துவந்து நீட்டினாள். முதல் நாள் வைத்த தாள் பச்சை. அன்று காலையில் வைத்த தாள் மஞ்சள். "பாருங்க. ஊத்துறதுக்கு முன்னாடி புளிப்பே இல்ல. இப்ப எப்படி வந்திருக்கு! நல்ல தயிர் மாதிரி நாலரை. இது இருக்க வேண்டிய அளவு. இன்னும் என்ன வேணும்?"

எனக்கு நாலரையும் தெரியாது, ஐந்தரையும் தெரியாது. ஆனால் தாள் மஞ்சளாக இருந்தது, அவள் முகமும் பல நாளைக்கு அப்புறம் வெளிச்சமாக இருந்தது. உத்தியோகம் பார்க்கிற இரண்டு பேர், கருவி, அளவு, நிறம் எல்லாம் வைத்துப் பேசினால் டிக்கெட் கிழித்தவள் என்ன செய்வாள்? போகட்டும் என்று குப்பியைப் பழைய இடத்தில் வைத்தேன். முட்டைத் தட்டை மட்டும் வேறு மூலைக்கு மாற்றிக்கொண்டேன்.

சில நாள் கழித்து ஒரு முற்பகல். குட்டிக்கு லீவு. நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சரியானதும் மறுபடி கீரையை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. அப்பப்ப வயிறு கல்லு மாதிரி இறுகுது, விடுது. இடுப்பு வலிக்குது. உக்காந்தே இருந்தா அப்படித்தான்."

எழுந்தாள். நாற்காலி ஈரமாக இருந்தது.

நான் நாற்காலியைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். மத்தியான ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து குனிந்து பார்த்தார். பிறகு என்ன சொன்னார் தெரியுமா? இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

"தயிர்த் தண்ணி விட்டிருக்கு. உறை கொஞ்சம் அதிகமாயிடுச்சு போல. இரு, தாள் வெச்சுப் பாக்கலாம்."

"தாளை உன் தலையில வை!" என்றேன். தெருவில் ஒரு சைக்கிள்காரன் இறங்கி நின்றான். "இது பனிக்குடத் தண்ணியா இருந்தா என்னய்யா செய்வே? பாத்திரத்தைப் புடிப்பியா? கிளம்பு!"

குட்டி வெளுத்துப்போனாள். அவள் எதை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். அந்த அரை நாளைத்தான் நினைத்தாள்.

ஆம்புலன்ஸ் எங்கேயோ நெரிசலில் மாட்டிக்கொண்டிருப்பதாகப் போனில் சொன்னார்கள். கட்டட வாசலில் பஸ் ஸ்டாப். என் பழைய டிரைவர், பட்டப்பெயர் பிரேக், அவருக்குத்தான் அந்த நேரத்து டியூட்டி; அவர் பஸ்ஸிலேயே குட்டியை ஏற்றினோம். பிரேக் போடவே மாட்டார் என்பதால் வைத்த பெயர்.

"என்னக்கா, ரிட்டயர் ஆகியும் வண்டியை விட மாட்டீங்களா?" என்றார்.

"பிரேக், நேரா ஆஸ்பத்திரி. நடுவுல எங்கயும் நிறுத்தினே, உன் கையை ஸ்டியரிங்கோட சேர்த்துக் கட்டுவேன்."

"என்னாச்சு?"

நான் மெதுவாகத்தான் சொன்னேன். "புள்ளத்தாச்சி. வெஜைனாவுல தொற்று, மருந்து போடாம தயிரை ஊத்திட்டாங்க, இப்ப தண்ணி வருது."

கடைசி வரிசையில் ஒரு கிழவர் கேட்கிற கருவியைக் காதிலிருந்து கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். குட்டி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை பஸ்ஸின் கூரையைப் படிக்க ஆரம்பித்தார். முன் சீட்டிலிருந்த ஓர் அம்மாள் எழுந்து குட்டிக்கு இடம் விட்டாள். விட்டுவிட்டு அவள் காதோரம் குனிந்து, "எனக்கும் அந்த வாடை இருந்துச்சும்மா. வெளியில சொல்லவே இல்ல" என்றாள். அவள் குரலும் என் குரல் மாதிரிதான். இன்னும் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். அந்த பஸ் ஒரு ஸ்டாப்பிலும் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, எல்லாரும் ஆஸ்பத்திரி வரை வந்து இறக்கிவிட்டுத்தான் திரும்பினார்கள்.

டாக்டரம்மா குட்டியை மேசையில் படுக்கவைத்தார். பக்கத்தில் நான், திரைக்கு வெளியே மாப்பிள்ளை. கருவி வைத்து, விளக்கை அடித்துப் பார்த்த டாக்டரம்மா அப்படியே நின்றுவிட்டார். எத்தனையோ ஆயிரம் பிரசவம் பார்த்த பெண்மணி, கை அந்தரத்தில் நிற்கிறது.

"இது என்ன வெள்ளை வெள்ளையா?"

குட்டி கண்ணை மூடிக்கொண்டாள். திரைக்கு வெளியே இருமல் சத்தம். வேறு வழியில்லை.

"தயிர், டாக்டரம்மா" என்றேன்.

வராந்தாவில் நடந்துகொண்டிருந்த செருப்புச் சத்தங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "தயிரா? யாரு வெச்சது? எதுக்கு?"

மாப்பிள்ளை திரைக்கு வெளியிலிருந்தபடியே விளக்கம் சொன்னார். லாக்டோபேசிலஸ், உறை அறை, ஆன்டிபயாடிக், திருப்பி அனுப்பிய டேங்கர், கடைசியில் தாள். "தாள்ல நாலரை வந்துச்சு டாக்டர். சரியான அளவு" என்று முடித்தார். கடைசி வார்த்தையில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பாவம்.

டாக்டரம்மா மெல்லத்தான் சொன்னார். "நீங்க அளந்தது இவங்களை இல்ல. உங்க தயிரை."

குட்டி கண்ணைத் திறந்தாள். அதுவரை அந்தப் பெண்ணின் முகத்தில் நான் பார்த்த அதிர்ச்சியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பாலில் கலப்படம் கண்டுபிடித்தவள். ஊற்றிய தயிரில் தாளை வைத்துத் தயிருக்கே பாஸ் மார்க் போட்டிருக்கிறாள்.

"உங்க ஃபேக்டரி பாக்டீரியா பால்ல பிழைக்கிறது. இங்க இருக்கிறது வேற வகை. இது அங்க போய்க் குடித்தனம் பண்ணாது, ரெண்டு நாள் புளிச்சுட்டுச் செத்துடும். தொற்று அப்படியே இருக்கு. நான் கொடுத்த மாத்திரை உங்க டேங்கர்ல வர்ற மாதிரி எல்லாத்தையும் அடிக்கிறது இல்லம்மா. காத்துப் படாத இடத்துல வளர்ற இந்தக் கூட்டத்தைத்தான் அடிக்கும். நல்லதைப் பெரும்பாலும் விட்டுடும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"தண்ணி?" என்றாள் குட்டி. அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"பாக்கணும். உங்க தாள் இப்ப எனக்கும் உதவாது. பனிக்குடத் தண்ணில புளிப்பு இருக்காது, ஆனா தயிர் கலந்துட்டதால எல்லாம் புளிப்பாத்தான் காட்டும்."

ஸ்கேன் எடுத்தார்கள். வேறு ஏதோ பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த நேரம் முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை. காவலாளி இரண்டு முறை வந்து, "பாட்டிம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். டாக்டரம்மா வந்து சொன்னார்: பனிக்குடம் உடையவில்லை. அந்த ஈரம் தொற்றாலும் தயிராலும் வந்தது. ஆனால் வயிறு இறுகுவது நிஜம். கர்ப்பப்பை வாய் இருக்க வேண்டியதைவிடக் குட்டையாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தாயிற்று. ஒருவேளை வந்துவிட்டால் குழந்தைக்கு மூச்சு திணறக் கூடாது என்று அதன் நுரையீரலுக்காகக் குட்டிக்கு ஊசி. மாத்திரை.

"மாத்திரை போட்டா பாப்பா சீக்கிரம் வராதுல்ல டாக்டர்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"அப்படி சத்தியம் பண்ண மாட்டேன். தொற்று போகும், அது நிச்சயமா வேணும். மத்ததுக்கு நாம கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டே இருக்கணும். வயிறு இறுகினா, தண்ணியோ ரத்தமோ பட்டா, உடனே இங்க. மொதல்ல தாள், அப்புறம் டாக்டர்னு வெச்சுக்காதீங்க."

குட்டி மாத்திரையை வாங்கினாள். கையில் வைத்துக்கொண்டு ஒரு டேங்கர் டிரைவரைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். பிறகு விழுங்கினாள். மாப்பிள்ளை தன் பையிலிருந்த தாள் கட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "வெச்சுக்குங்க அத்தை. எங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது."

இரண்டாம் நாள் இறுக்கம் குறைந்தது. வாடை போனது. வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பூப்படம் போட்ட பாட்டிலை நான் தரையைத் துடைக்க எடுத்துக்கொண்டேன், தரை நாள் முழுதும் நறுமணத்தோடு இருக்கிறது. வாரா வாரம் பிரேக்கின் பஸ்ஸில் ஆஸ்பத்திரி. கர்ப்பப்பை வாயை அளந்து பார்ப்பார்கள். திரும்பும்போது பஸ்ஸே காத்திருக்கும், "எப்படி இருக்கு?" என்று. குட்டி முதலில் முகத்தை மூடுவாள். போகப் போக அவளே திரும்பி, "அப்படியேதான் இருக்கு, குறையல" என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒரு முறை அந்த முன் சீட்டு அம்மாள் தன் மருமகளைக் கூட்டிவந்து குட்டியின் பக்கத்தில் உட்காரவைத்தாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் மாதம் போனது. எட்டாம் மாதம் போனது. ஒன்பதாம் மாதம் பிறந்து நடந்துகொண்டிருக்கையில் ஒரு காலை வலி வந்தது. டாக்டரம்மா, "கொஞ்சம் முன்னாடிதான், பரவாயில்ல, வரட்டும்" என்றார்.

என்னைப் பிரசவ அறைக்குள் விட்டார்கள், பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு. குட்டி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. குழந்தை வந்தது. ஒரு நொடி சத்தமே இல்லை. அந்த அறையில் கடிகாரம், விளக்கு, என் இதயம் எல்லாம் நின்றுபோயிற்று. குட்டி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பிறகு வந்தது பாருங்கள் ஒரு சத்தம். அறைக் கண்ணாடி அதிர்ந்தது. வராந்தாவில் செருப்புகள் நின்றன. வெளியே எங்களை இறக்கிவிட்டு நின்ற பிரேக்கின் பஸ் கிளம்பிப் போயேவிட்டது, யாரோ "போலாம்" சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு.

குட்டி மூடிய கண்ணைத் திறக்காமலே, பாதி மயக்கத்தில், உதட்டை மட்டும் அசைத்தாள்.

"மெதுவா பேசுங்க பெரியம்மா..."

"நான் இல்லடி" என்றேன். "உன் பொண்ணு."